அரச விகாரையில் ஆளுக்கொரு தங்கத்தாள்

தீராத பொறுமையோடு வீற்றிருக்கும் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்ட மூத்தோரே! என்மேல் ஒரு கண்ணும் வடைத்தட்டில் மறுகண்ணும் வைத்திருக்கும் தாய்மாரே! வணக்கம்.

சென்ற மாதம் நம் சங்கம் பஸ் பிடித்துப் போய்த் தரிசித்த, இங்கே ஜெர்மனியிலேயே இருக்கும் தாய்லாந்து அரச விகாரையின் வரலாற்றைக் கூறப் பணித்தார்கள். ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று சத்தியம் செய்தே தொடங்குகிறேன்!

அவ்விகாரையைக் கட்டியவர் யார்? மேசன்மாரா? இல்லை! சயாம் அரசர் அனுப்பிய எழுநூறு வெள்ளை யானைகள்! கடல் கடந்தன, காடு கடந்தன, ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஓரமாக நடந்தன! எர்லாங்கனில் சைக்கிளில் போன பொறியியலாளர்கள் இறங்கி வழிவிட்டார்கள். பிராங்பேர்ட்டில் ஓர் அதிகாரி மட்டும் மறித்தார். "அன்ட்ராக் எங்கே, விண்ணப்பப் படிவம்?" எழுநூறு யானைகளும் துதிக்கையால் கையொப்பமிட்டன, மூன்று பிரதிகளில்! என்ன பரராசசிங்கம் அண்ணை, சிரிக்கிறியள்? நீங்கள் நாலு பிரதி குடுத்தனீங்கள் எல்லோ?

சாதாரண விகாரைக்கு எல்லைக்கல் ஒற்றை. அரச விகாரைக்கோ இரட்டை! உள்ளே ஆளைவிட உயரமாய் அமர்ந்த புத்தர். நமக்கு உடம்பில் எங்கே நோகிறதோ, அவர் மேனியில் அங்கே தங்கத்தாள் ஒட்டவேண்டும். ஆளுக்கு ஒரே தாள்.

எனக்கோ வலது முழங்காலில் நாளைக் காலை ஆஸ்பத்திரிக் கத்தி. இடதிலோ இன்றே கத்தல்! வலதில் ஒட்டினேன். இடது அநாதையாயிற்று. மனைவி கமலாம்பிகையிடம் கையேந்தினேன்.

"இஞ்சரும், உம்மட தாளையும் தாரும்."

"ஏலாது. என்ர தோள் என்ன வாடகைக்கே எடுத்தது? இருபது வருசமா நோகுது."

ஏணி வைத்து ஏறினார். புத்தரின் வாயில் ஒட்டினார்!

"தோள் எண்டீர், பிறகேன் வாயிலை?"

"எனக்குப் பெரிய நோ உங்கட வாய்தானே!"

அக்கணமே போயிற்று என் குரல்! ஏழு நாள் ஊமை! பக்கத்து வீட்டு ஜெர்மானியர் பூங்கொத்தோடு வந்து கமலாம்பிகையின் கையைக் குலுக்கினர்!

கைதட்டாதேங்கோ. யானைகள் பொய். ஊமையானது பொய். வாயில் ஒட்டியதும் பொய். ஒன்றே ஒன்று, சின்னது, உண்மை. வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். நோகிற தோளை உயர்த்தி எட்டி, தன் ஒற்றைத் தாளைப் புத்தரின் இடது முழங்காலில் தடவித் தடவி ஒட்டிக்கொண்டிருந்தார் கமலாம்பிகை.

நாளைக்கு எனக்குப் பயமில்லை என்று சொன்னால், அதையும் நம்பாதீர்கள். பொறுத்துக் கேட்ட எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

கமலாம்பிகை, ஒருக்கா மேடைக்கு வாரும். நோகாத தோளைத் தாரும், இறங்குவம்.