நாலாம் நம்பர் கெடா

செண்பகராஜ்: இந்தக் கெடாவுக்கு என்னமோ ஆயிட்டுக்கா. முன்னெல்லாம் ரத்தம் எடுக்கக் கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கும். இப்ப ஊசியக் கண்டாலே முட்ட வருது.

சந்தனமேரி: மாசாமாசம் குத்துனா? நானா இருந்தா எப்பமோ முட்டியிருப்பேன். போளியத் தின்னுங்க தம்பி, நீங்க கடம்பூர்ல வாங்கிட்டு வந்ததுதான்.

செண்பகராஜ்: எறங்கலக்கா.

சந்தனமேரி: யாரு... போன மாசம் அந்தோணியார் கோயில் அசன விருந்துல கறிக்கொழம்ப மூணு தடவ கேட்டு வாங்குன ஆளுக்கா?

செண்பகராஜ்: வெளையாடாதீங்க. எழுபத்தாறுல ஆரம்பிச்ச ஆராய்ச்சி, மூணு வருசப் பாடு! முந்துன மூணு கெடாவும் உதவல. இது ஒண்ணுதான் புடிச்சது. சித்திரையில எடுத்த ரத்தத்தத் தெளிய வச்சு ஒரு சொட்டு விட்டா, ஏ குரூப் ரத்தம் பால் திரிஞ்ச மாதிரி நிக்கும். போன வாரம் எடுத்தது... வெறும் பச்சத்தண்ணி.

சந்தனமேரி: திரியலன்னா?

செண்பகராஜ்: ஆவணிக்குள்ள பாளையங்கோட்டை காலேஜுல ஆராய்ச்சிய எழுதிக் குடுக்கணும். இல்லன்னா எடத்தக் காலிபண்ணுன்னுட்டாரு புரொபசர். தீவனத்த மாத்துனீங்களா?

சந்தனமேரி: இந்தக் கரிசக்காட்டுல மாத்துததுக்கு என்ன கெடக்கு? அதே பருத்திக்கொட்டை, அதே வேலிக்கருவக் காய்... இது திரிஞ்சு யாருக்கு என்ன லாபம்?

செண்பகராஜ்: ரத்த அணு மேல சர்க்கரை இருக்குக்கா. ஏ குரூப்புக்கு ஒரு மாதிரி, பி குரூப்புக்கு வேற மாதிரி.

சந்தனமேரி: போளிக்குள்ள இருக்குத சர்க்கரையா?

செண்பகராஜ்: இது இனிக்காது. அத அடையாளம் கண்டு புடிச்சுக்கிடுத சத்து உங்க கெடா ரத்தத்துல ஊறியிருந்திச்சு. ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்துததுக்கு முன்னால அத வச்சுக் குரூப் பாத்துரலாம்.

சந்தனமேரி: மனுசன் சர்க்கரை ஆட்டுக்கு எப்பிடித் தெரியும்?

செண்பகராஜ்: அது... நான் போட்ட ஊசியில...

சந்தனமேரி: சத்து ஊசின்னுல்லா சொன்னீங்க?

செண்பகராஜ்: பொய்க்கா. அது மனுச ரத்தத்துல எடுத்த அணு. என் ரத்தந்தான். சொன்னா கெடாவத் தரமாட்டீங்கன்னு...

சந்தனமேரி: மாதாவே!

செண்பகராஜ்: தப்புத்தான்... ஏங்க்கா இப்பிடி வேர்க்குது உங்களுக்கு? நான் உள்ளதச் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லுங்க, என்னத்த மாத்துனீங்க?

சந்தனமேரி: தீவனத்த மாத்தல தம்பி... கெடாவ மாத்திட்டேன்.

செண்பகராஜ்: காதுல நான் மாட்டுன தகர வில்லை தொங்குதே! நாலாம் நம்பர்!

சந்தனமேரி: அதக் கழத்தி, கயத்தாத்துல வாங்குன கெடாவுக்கு நாந்தான் மாட்டுனேன். அச்சு அசலா அதே நெறம், அதே மறு... என்ன செய்ய? பழசு, என் மக பேறுகாலத்துக்குக் குட்டியிலயே அந்தோணியாருக்கு நேந்துவிட்டது. நேந்ததுக்குப் பதிலா வேறத நிப்பாட்டக் கூடாது. உங்களுக்கு நிப்பாட்டலாம்னு நெனச்சேன்.

செண்பகராஜ்: அப்ப... என் கெடா எங்கக்கா?

சந்தனமேரி: மூணு தடவ கேட்டு வாங்கினீங்களே, தம்பி...