பிரான்சிஸ்காவின் லூப்பைக் கழற்றியவன் நான்

1978ஆம் ஆண்டு யூலை மாதம் 19ஆம் திகதி முற்பகல் 10.15 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் பதியப்பட்ட வாக்குமூலம். பெயர்: சந்தியோகு எமிலியானுஸ். வயது: 37. தொழில்: மீன்பிடி. மதம்: கத்தோலிக்கம். விலாசம்: கோயிலடி, கொண்டச்சி.

நான் மேற்படி விலாசத்தில் வசிக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகவே வந்தேன். என் மனைவி பிரான்சிஸ்கா இம்மாதம் 11ஆம் திகதி பிள்ளை பெற்று இறந்துபோனாள். மருத்துவிச்சி ஸுஹறா கூட்டிக்கொண்டு போய்ப் போடுவித்த லூப் என்ற கர்ப்பத்தடைச் சாதனம் வயிற்றுக்குள் கிடந்து அழுகியதால்தான் அவள் இறந்தாள் என்று அவளுடைய தமையன் யாகப்பர் இங்கே முறைப்பாடு செய்திருக்கிறார். அது பொய். அந்த லூப் பதினான்கு மாதங்களுக்கு முன்னரே வெளியே வந்துவிட்டது. அதைக் கழற்றியவன் நான்.

எங்களுக்கு நான்கு பிள்ளைகள். 1974இல் நாலாவது பிள்ளை பிறந்தபோது நான் வெள்ளாங்குளத்துப் பக்கம் கரையில் வாடி என்ற மீன்கொட்டில் போட்டுத் தொழில் செய்துகொண்டிருந்தேன். அவளுக்கு இரத்தம் நிற்காமல் போய், இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு பிள்ளை என்றால் உயிர் தப்பாது என்று டாக்குத்தர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதன் பின்பு அவள் மருத்துவிச்சியோடு கிளினிக்குக்குப் போய் லூப் போட்டுக்கொண்டாள். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

அதன் பின்பு அவள் பூசைக்கு வருவாள், நன்மை எடுக்க, சுவாமியின் கையால் நற்கருணை அப்பம் வாங்க, எழும்பிப் போகமாட்டாள். எங்கள் ஊரில் யார் எழும்பிப் போகிறார், யார் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். பெண் ஒருத்தி மூன்று வருடம் வாங்கிலேயே இருந்தால் அவளிடம் நன்மை எடுக்க விடாத சாவான பாவம் இருக்கிறது என்றுதான் எண்ணுவார்கள். மாதக்கணக்கில் வாடியில் கிடக்கிறவனுக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கரையில் என் காதுபட நக்கல் அடித்தார்கள். எவனோ ஒருவன் இருக்கிறான் என்று நானும் முடிவுசெய்துவிட்டேன்.

1977 மே மாதம் மூத்தவள் பெற்றிசியாவுக்கு முதல் நன்மை. அன்று தாயும் தகப்பனும் பிள்ளையின் இரண்டு பக்கமும் நின்று நன்மை எடுக்க வேண்டும். முந்திய வியாழக்கிழமை பின்னேரம், ஞாயிற்றுக்கிழமையும் வாங்கில்தான் இருக்கப்போகிறாயா என்று அவளைக் கேட்டேன். எழும்பிப் போகப் பார்த்தாள். அடித்தேன். யார் அவன் என்று கேட்டு மறுபடியும் அடித்தேன். அப்போதுதான் சொன்னாள்.

“வேறை ஆம்பிளை ஒருத்தரும் இல்லை. உள்ளுக்கை லூப் போட்டிருக்கிறன். அதைக் கழட்டினால்தான் பாவமன்னிப்பு எண்டு சுவாமி சொல்லிப்போட்டார்.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. வேறு ஒருவன் இல்லை என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. டாக்குத்தர் சொன்னதையும் அவள் அப்போதே அழுதழுது சொன்னாள். நாங்கள் விலகி இருப்போம், பிள்ளை வராது என்று நாலு பிள்ளைகள் மேலும் ஆணையிட்டேன். அவள் நம்பினாள். கிளினிக் புதன்கிழமைதான், அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். நாளெல்லாம் மீன் வாயிலிருந்து தூண்டில் கழற்றுகிறவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். லூப்பின் நூல் விரலில் பட்டது. நாங்கள் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி நைலோன் போலவே இருந்தது. இழுத்தேன். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தபடியால் அவள் சீலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக், வளைந்து வளைந்து, சுண்டுவிரலில் பாதி நீளம் இருந்தது. அடுப்பில் போட்டேன்.

சனிக்கிழமை சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு நன்மை எடுத்தாள். அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தாள்.

அதன் பின்பு விசயம் தெரிந்து ஸுஹறா மறிச்சுக்கட்டியிலிருந்து சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“எமிலியானுஸ் அண்ணை, உங்கடை கோயிலோடை எனக்குக் கதை இல்லை. இன்னொண்டு வயித்திலை வந்தா பிரான்சிஸ்கா தாங்கமாட்டா. திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

இது கத்தோலிக்க வேதக்காரர் வீட்டு விசயம், உன் பாட்டைப் பார் என்று அவரை விரட்டிவிட்டேன். ஐந்து மாதம் விலகி இருந்தோம். அதன் பின்பு, ஒக்டோபர் மாதத்தில், ~~இருவரும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்ததில்~~ அவள் கர்ப்பமானாள்.

முதலே ஆஸ்பத்திரியில் சேர்க்க ஸுஹறா ஒழுங்குசெய்திருந்தார். சேர்ப்பதற்கு நாலு நாள் இருக்கும்போது வலி வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. ஜமால்தீனின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். ஸுஹறா இரண்டு கையாலும் அவளுடைய அடிவயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி இருக்கிற முருங்கன் வருவதற்கு முன்னமே அவளுடைய கை குளிர்ந்துவிட்டது. போதும் என்று நான் சொல்லியும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஸுஹறா கையை எடுக்கவில்லை. அந்த மனுசிமேல் பழி போடுவது அநியாயம். பிள்ளை இப்போது என் சகோதரி மார்த்தாவிடம் இருக்கிறது.

இதை எழுதிய சார்ஜன்ட் எனக்கு வாசித்துக் காட்டியபோது, கூடி வாழ்ந்ததில் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அது அவர் தன் பாட்டில் போட்ட வசனம். அன்று அவள் வேண்டாம் என்று சொன்னாள். ஆணையிட்டதை எடுத்துச் சொன்னாள். பிறகு கும்பிட்டாள். நான் விடவில்லை. அந்த வசனத்தை வெட்டிவிட்டு இதை எழுதும்படி கேட்டேன். வெட்டினால் உமக்குத்தான் பாதகம் என்றார். தெரியும் என்றேன். வெட்டிய இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மிகுதியில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. ஒருவரும் வற்புறுத்தாமல் என் வாயால் சொன்னது.

(ஒப்பம்) ச. எமிலியானுஸ்