சார்ஜ் ஏறும்போது போட்ட சால்வை

மைக் கைக்கு வந்தாச்சு, சும்மா விடுவேனா? ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு இறங்கிடறேன். கதைன்னா... என் மானம் போன கதைங்க.

நான் பத்தாவது. அதுவும் ரெண்டாவது தடவையில! என் மக பூங்கோதை இன்ஜினியரிங். அவளும் கூடப் படிக்கிறவங்களும் ஒன்றரை வருஷம் உழைச்சு, கரண்டுல ஓடுற ரேஸ் கார் ஒண்ணு செஞ்சாங்க. கோயம்புத்தூர்ல பந்தயம். ஓட்டுறது யாரு? என் மக!

அந்தப் பந்தயத்துல ஒரு சட்டம். நடுவுல ஒருதடவை நிறுத்தி, முப்பது விநாடி சார்ஜ் ஏத்தணும். அதுக்குள்ள வண்டியையோ, உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களையோ யாரும் தொடக் கூடாது. தொட்டா? சார்ஜை நிறுத்தி, மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவாங்க.

பதினெட்டு விநாடி முன்னால வந்துட்டிருந்தவ, சார்ஜுக்கு வந்து நின்னா. நம்ம கை சும்மா இருக்குமா? பெற்றோர் சங்கத் தலைவருங்க நான்! கழுத்துல அட்டை, கையில ஜரிகை சால்வை, பக்கத்துல டயர் வாங்கிக் குடுத்த குவாரி முதலாளி செங்கோட்டுவேல் அண்ணன். வண்டி சும்மாதானே நிக்குது...

"போடுங்கண்ணா, புள்ளை தோள்ல போடுங்க!"

"அப்பா, தொடாதீங்க!"ன்னு ஹெல்மெட்டுக்குள்ள கத்துறா.

"புள்ள கூச்சப்படுதுங்கண்ணா... நீங்க போடுங்க!"

போட்டாரு. சிவப்பு விளக்கு! இருபத்தாறு விநாடி... போச்சு. "முதல்ல இருந்து!"ன்னாரு நடுவர்.

அதோட விட்டமா? நான் கூட்டிட்டுப் போன போட்டோகிராபர் என்கிட்ட சொல்றான்: "அண்ணா, கண்ணை மூடிட்டீங்க. இன்னொருக்கா!"

இன்னொருக்கா போட்டோம்ங்க! இன்னொருக்கா சிவப்பு!

முதலாவதா வந்து நின்னவ... நாலாவதா கிளம்பினா. நாலாவதாவே முடிச்சா.

ஜெயிச்ச டீம் கேப்டன், ஒரு கையில கோப்பையோட நேரா என்கிட்ட வந்தான். கீழ கிடந்த அதே சால்வையை உதறி என் தோள்ல போட்டான். "எங்க வெற்றிக்கு உங்க அளவுக்கு யாருமே உழைக்கலைங்க அங்கிள்!" போட்டோ எடுத்தாங்க. அதுல மட்டும் கண்ணை நல்லாத் தொறந்திருந்தேன்.

என் மக ஒண்ணுதான் சொன்னா. "ஒன்றரை வருஷம்ப்பா..."

இதை ஏன் இந்த ஆண்டு விழாவுல சொல்றேன்? ஓடுற பிள்ளை ஒரு நிமிஷம் நிக்குதுன்னா, அது திரும்ப ஓடுறதுக்கு. நம்ம பவுசைக் காட்டுறதுக்கு இல்லீங்க! பாராட்டணுமா? முதல்ல வழியை விட்டு நில்லுங்க.

இந்தத் திரைக்குப் பின்னால, ஆட வேண்டிய பிள்ளைங்க நாலு மணியில இருந்து பொட்டும் பவுடருமா உட்கார்ந்திருக்கு. இப்ப மணி ஏழே கால். மேடையில எத்தனை சால்வை விழுந்திருக்கு? எண்ணினேன்... பத்தொன்பது! பத்தொன்பதாவது யாருக்கு? எனக்கு. வேண்டாம்னு சொன்னேனா? எங்கே... அவ்வளவு பட்டும் தோளைக் காட்டிட்டுத்தானே நின்னேன்!

இதோ, கழட்டிட்டேன். மிச்சம் இருக்கிற சால்வையை மடிச்சு வைங்க. திரையைத் தூக்குங்கப்பா!