சிரிக்காத மலர்க்கொடி

அரியமுத்து: இப்பவாச்சும் சொல்லு புள்ள. சிரிச்சியா, சிரிக்கலியா?

மலர்க்கொடி: பொட்டியில காட்டத்தான போறான்... பாருங்க.

அரியமுத்து: மெட்ராசு போயிட்டு வந்து மூணு வாரமா இதே பதிலு. கட்டுன புருஷன்கிட்டயேவா மறைப்ப?

மலர்க்கொடி: வெளிய சொல்லப்படாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்கல்ல. மெதுவா பேசுங்க, குரும்பலூரே நம்மளத்தான் பாக்குது.

அரியமுத்து: பாக்காம? பஞ்சாயத்து டி.வி.யில நம்ம ஊரு மூஞ்சி வர்றது இதான் மொத தடவ. ஆனா அந்தக் குழந்தைவேலு லேசுப்பட்ட நடிகனா? தலையக் காட்டுனாலே கொட்டாயே சிரிக்கும். அந்தாளு முன்னாடி ஒரு நிமிசம் சிரிக்காம உக்காரணும்னா...

மலர்க்கொடி: அதான போட்டியே. எனக்கு முன்ன பதினோரு பேரு தோத்தாங்க.

அரியமுத்து: ஜெயிச்சா தையல் மிஷினு...

மலர்க்கொடி: ம்.

அரியமுத்து: அது வந்துட்டா அடுத்தவங்க பருத்திக்காட்டுல குனிஞ்சு நீ களை வெட்ட வேணாம். நான் டீ ஆத்தி இந்த ஜென்மத்துல உனக்கு மிஷினு வாங்க முடியாது. அதுக்குத்தான் கேக்குறேன்.

மலர்க்கொடி: இந்தா, வந்துட்டாரு.

டி.வி.யில் குழந்தைவேல்: வாங்கம்மா, பெரம்பலூர் பக்கமா? உக்காருங்க. ஒரு மாமியார், புது மாப்பிள்ளையோட பஸ் ஏறுனாங்க. கையில ஒரு ஆடு. கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் போட்டுட்டாரு...

அரியமுத்து: அய்யய்யோ.

டி.வி.யில் குழந்தைவேல்: மாமியாருக்குக் கோவம் வந்துடுச்சு. ‘டிக்கெட் எடுத்த ஆடு எதுக்கு நிக்கணும்? மாப்ள, எந்திரிங்க.’

அரியமுத்து: இது நம்ம கதடி. அந்த மாமியா உங்கம்மா. அரியலூர் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தது நானு.

மலர்க்கொடி: மூணு வாரமா நான் கேக்க நெனச்சது இதத்தான். அவருக்கு எப்புடித் தெரிஞ்சுது?

அரியமுத்து: என்னையா கேக்குற?

மலர்க்கொடி: உங்களத்தான்.

அரியமுத்து: நான்தான் போன வருசம் இன்லண்டு லெட்டர்ல எழுதிப் போட்டேன். ரசிச்சுட்டு சினிமாவுக்குக் கூப்புடுவாருன்னு... ஒரு வரி பதில் வரல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப என் எழுத்தே உன் மிஷினுக்கு எமனா வந்து நிக்குது. இந்தக் கதைக்கு நீ எத்தன தடவ விழுந்து விழுந்து சிரிச்சிருக்க...

மலர்க்கொடி: அங்க பாருங்க.

டி.வி.யில் குழந்தைவேல்: ஆடு ஜன்னலோரமா காத்து வாங்குது. மாப்பிள்ளை கம்பியப் புடிச்சுக்கிட்டு மாமியார்கிட்ட பணிவா கேக்குறாரு... ‘அத்தை, ஆடு எங்க எறங்குது?’

அரியமுத்து: ஊரே உருளுது... நீ ஒதட்டக் கடிச்சுக்கிட்டு இருக்க. கன்னம் துடிக்குதே... புள்ள, சிரிச்சிடாத...

மலர்க்கொடி: மூணு வாரத்துக்கு முன்ன எடுத்தத இப்ப புடிச்சு நிறுத்தப் போறீங்களாக்கும்.

டி.வி.யில் குழந்தைவேல்: மணி அடிச்சாச்சு. நான் தோத்துட்டேம்மா, மிஷினு உங்களுக்குத்தான். நெசமாவே சிரிப்பு வரலியா?

டி.வி.யில் மலர்க்கொடி: அந்த மாப்பிள்ளை எங்க ஊரு டீ மாஸ்டருங்க. அரியமுத்துன்னு பேரு. உங்களவிட அவரு நல்லா சொல்லுவாரு.

மலர்க்கொடி: என்னங்க... கண்ணத் தொடைங்க. எல்லாரும் கை தட்டுறாங்க, எந்திரிச்சுக் கும்புடுங்க.

அரியமுத்து: என் பேர டி.வி.யில சொல்லிட்டியே புள்ள... மிஷினும் நம்மளுதா?

மலர்க்கொடி: நாளைக்குப் பெரம்பலூர் லாரி ஆபீசுல போயி எடுக்கணும்.

அரியமுத்து: இனிமே களைவெட்டு இல்ல. அந்தக் களைக்கொத்தத் தூக்கிப் பரண்ல போடு. ஆனா... ஒன்னு கேக்கட்டா? உனக்கு சிரிப்பே வரலன்னா, நம்ம கத அவ்ளோ பழசாயிடுச்சா?

மலர்க்கொடி: வந்துச்சுங்க, அடிவயித்துலேருந்து. கிள்ளிக் கிள்ளித் தொடையே கன்னிப் போச்சு. மிஷினு நெனப்பே அப்ப இல்ல. உங்க கதைக்கு இன்னொருத்தர்கிட்ட சிரிக்க எனக்கு மனசு வரல.