சோனகர் வீடு

— தேத்தண்ணி வேணா லக்ஷன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எண்ட தங்கச்சிய எரிச்சீங்களா, அடக்கினீங்களா?

— சப்பாத்தைக் கழட்டுங்க, றிபாஸ் காக்கா. பனி உருகுது.

— கழட்டுறன். ஸ்காபரோவில விடிய வெளிக்கிட்டன், வழி முழுக்க இந்த ஒரு கேள்விதான். நீங்க இந்து ஆள். உங்கட முறைப்படி செஞ்சிருந்தாலும் நான் சண்டைக்கு வரல்ல. எண்டாலும் எனக்குத் தெரியணும்.

— உயிரோட இருக்கக்குள்ள எங்க இருக்காள் எண்டு கேட்டீங்களா? இப்ப கேக்கிறீங்க.

— கேக்கல்ல. உங்களக் கலியாணம் முடிச்ச நாளில இருந்து சிபானாட பேர வீட்டுல சொல்ல வாப்பா விடல்ல. நானும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தன். ஏசுங்க. ஏசிப்போட்டுச் சொல்லுங்க.

— ஏச வருகுதில்ல. எனக்கு இப்ப ஒண்டும் வருகுதில்ல.

— சரி, சரி. ஆறுதலாச் சொல்லுங்க... சுவரில என்ன அது? பள்ளிவாசலா?

— வீடு.

— இந்த வளைவெல்லாம் பாத்தா பள்ளி மாதிரிக் கிடக்கே.

— சிபானா வாங்கின படம். கர்க்லாண்ட்ல ஒரு வீட்டு முத்தத்தில பழைய சாமான் வித்தாங்க. கீழ எழுதியிருக்கிறத வாசிங்க.

— ‘ஓல்ட் மூரிஷ் ஹவுஸ்.’ மூரிஷா? நம்மட மூரா? ஊரில நம்மட சோனக ஆக்களுக்கு பேர்த் சேட்டிபிகட்ல போடுற மூர்?

— அவளும் அதத்தான் கேட்டாள். நடு ரோட்டில நிண்டு கத்தினாள். ‘லக்ஷன், சோனகர் வீடு! நம்மட ஆக்கள்ர வீட்ட ஆரோ கீறியிருக்காங்க!’

— மறுகா?

— இது ஸ்பெயின் எண்டன். ஒரு இங்கிலிஷ்காரன் அந்தக் காலத்தில ஊர் ஊராத் திரிஞ்சு கீறினது. அங்க இருந்த முஸ்லிம் ஆக்களையும் மூர் எண்டுதான் சொல்றது, உங்கட ஆக்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல எண்டு விளங்கப்படுத்தினன்.

— கேட்டிருக்க மாட்டாளே.

— ‘வெள்ளக்காரனே ரெண்டு பேரையும் ஒரே பேரால கூப்பிட்டுட்டான், நீங்க ஏன் பிரிக்கிறீங்க’ எண்டாள். பஸ்ஸில பார்க் எக்ஸ்டென்ஷன் வரைக்கும் மடியில வச்சுக்கொண்டு வந்தாள். ஆரையும் பக்கத்தில இருக்க விடேல்ல.

— அவள்தான். சின்னதிலயும் அப்படித்தான். அவள வாயால வெல்ல ஏலாது.

— உங்கட குடும்பத்த அதுக்குள்ள குடிவச்சாள்.

— எப்படி?

— மேல, பலகை அடிச்ச யன்னல் உம்மாட அறை. கீழ, தூண் வெடிச்ச இடத்தில வாப்பா பேப்பர் வாசிக்கிறார். ‘அந்தத் தூணத் திருத்தணும், வாப்பாட தலையில விழப்போகுது’ எண்டு ஒரே புலம்பல். சந்தைக்கு வேலைக்குப் போகக்குள்ள படத்துக்கு சலாம் சொல்லிப்போட்டுத்தான் கதவப் பூட்டுவாள்.

— என்ன சந்தை?

— ஜான்-டலோன். பழக்கடையில நிண்டவள்.

— ஒண்டும் தெரியாது எனக்கு. ஒண்டும்... என்னய, அவள்ட காக்காவ, எங்க வச்சாள்?

— விடுங்க.

— சொல்லுங்க.

— பெரிய கதவுக்குப் பின்னால.

— சாத்திக் கிடக்கே.

— ஓம். ‘காக்காதான் வந்து துறப்பார்’ எண்டு சொல்லுவாள்.

— அல்லாவே.

— ஸ்காபரோவுக்கு வந்து உங்கட வீட்டு பெல்ல அடிச்சவள். உள்ளுக்க ரீவி சத்தம் கேட்டதாம்.

— கேட்டிருக்கும். மறுகா நான்தான் ரீவிய நிப்பாட்டிப்போட்டு, கதவத் துறக்காம இருந்தன்.

— திரும்பி வந்து இதுக்கு முன்னால கனநேரம் நிண்டாள். பிறகு சிரிச்சாள். ‘இந்த இங்கிலிஷ்காரனும் வெளியில நிண்டுதான் கீறியிருக்கான், லக்ஷன். அவனையும் உள்ள விடல்ல போல.’

— போதும். போதும்.

— அவள் போன அண்டைக்கு உங்களுக்கு எடுத்தன்.

— தெரியாத நம்பர். திரும்பத் திரும்ப வந்தது. நீங்களாத்தான் இருக்கும் எண்டு மனசுக்கு விளங்கினது. ஏதும் சமாதானம் கேப்பீங்க எண்டு நினைச்சன். இந்தச் சேதியெண்டு நினைக்கல்ல. தலைக்குள்ள நரம்பு வெடிச்சதெண்டு ஊரில இருந்துதான் சொன்னாங்க. இந்த வயசில...

— லவால்ல.

— என்ன?

— லவால்ல அடக்கினது. மையவாடியில.

— அடக்கினீங்களா? குளிப்பாட்டி, கபன் உடுத்தி?

— எல்லாம். பள்ளியில இருந்து பொம்பிளையள் வந்து குளிப்பாட்டினாங்க. தொழுதாங்க. கிப்லாவுக்கு முகம் திருப்பித்தான் வச்சாங்க. தலைமாட்டுப் பலகையில உங்கட வாப்பாட பேர்தான் இருக்கு, அவர்ட மகள் எண்டு.

— இவ்வளவு நேரமும் ஏன் சொல்லல்ல?

— சொன்னா உடன அங்க போயிருவீங்க. அவள் இருந்த வீட்டையும் ஒருக்கா நீங்க பாக்கோணும் எண்டு இருந்தது.

— எங்கட முறையில அடக்கச் சொல்லி அவள் கேட்டவளா?

— இல்ல. முப்பது வயசில ஆர் அதெல்லாம் கதைக்கிறது? காலையில தலையிடி எண்டாள். பின்னேரம் இல்ல. நானாத்தான் நினைச்சன். நாளும் சலாம் சொன்ன வீட்டு ஆக்கள்ர முறையில போகட்டும் எண்டு.

— நீங்க நல்லா இருக்கணும்... நான் அழுறதப் பாக்காதீங்க.

— தண்ணி கொண்டுவரட்டா?

— வேணா. எனக்கு ஒண்டு மட்டும் தாங்க ஏலாமக் கிடக்கு. பொம்பிள மையத்தக் குழிக்குள்ள இறக்கிறது சொந்த ஆம்பிளையள்தான். வாப்பா, காக்கா, புருசன். அவளுக்கு எங்கட பக்கத்தில ஒருத்தர் இல்ல. ஆர் இறக்கினது?

— பள்ளிக்கு வாற ஆக்கள். முன்னப்பின்ன தெரியாது. மெதுவாத்தான் இறக்கினாங்க.

— அப்ப நீங்க? நீங்க எங்க நிண்டீங்க, மச்சான்?

— கடைசி வரிசைக்கும் பின்னால. மரத்தடியில.

— ஏன்? புருசன விடல்லயா அவங்க?

— அவங்கள்ல ஒரு பிழையும் இல்ல. இந்துவ முடிச்சவள் எண்டு தெரிஞ்சா அங்க இடம் இல்லாமப் போயிருமோ எண்டு நானாத்தான் பயந்தன். நல்ல மாதிரித்தான் கேட்டாங்க. தோளில கை வச்சு, ‘தம்பி, மையத்துக்கு நீங்க என்ன முறை’ எண்டு.

— என்ன சொன்னீங்க?

— பக்கத்து வீட்டுக்காரன் எண்டன்.