ஒரு கட்டம் மேலே

“அப்போ நீங்களே உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க. எங்க டைப்பிஸ்ட் லீவு.”

“எந்த ஃபார்மட்ல மேடம்?”

“ஃபார்மட்டெல்லாம் ஒண்ணும் இல்லங்க. குடை எப்படி விழுந்துச்சு, அவ்வளவுதான். வெள்ளைத்தாள்ல எழுதுங்க.”

எனக்கு வெள்ளைத்தாள் என்றால் கொஞ்சம் கூச்சம். அதில் கட்டம் கிடையாது. இங்கே கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொல்ல ஒரு சிவப்பு நட்சத்திரம்கூடக் கிடையாது. ஆனால் நீங்கள் விசாரணை அதிகாரி. எதிரில் உட்கார்ந்து பொறுமையாகக் காத்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமையைச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை.

நான் குடைக் கம்பெனியில் சம்பளக் கணக்கர். வருடம் முடிந்ததும் கம்பெனியில் யார் யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், இப்போது பணியில் இருக்கிறாரா, விலகினாரா, இறந்தாரா என்பதையெல்லாம் ஒரே கோப்பாக அரசாங்கத்தின் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். ஆளுக்கு ஒரு வரி. பெயர் முதல் கட்டத்தில், மற்றவை அடுத்தடுத்த கட்டங்களில். எல்லாம் நிரப்பி ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். பிறகு பச்சை நிறத்தில் ஒரு டிக் தோன்றும். அதன் பக்கத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று வரும்.

மேடம், என்னை யாரும் அவ்வளவு தெளிவாக ஏற்றுக்கொண்டதில்லை. என் கல்யாணப் பேச்சில்கூடப் பெண் வீட்டார் “பார்க்கலாம்” என்றுதான் சொன்னார்கள். கல்யாணம் ஆகியும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பில் தவறு இருந்தால் திருத்த அறிக்கை தாக்கல் செய்யலாம். அபராதம் இல்லை, யாரும் திட்டுவதும் இல்லை. ஆனால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து உட்காரும். பிறகு அது போகவே போகாது. மற்ற கம்பெனிக் கணக்கர்களின் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன், அம்மை போட்டமாதிரி இருக்கும். என் பக்கம் சலவை செய்த துணிபோல இருந்தது. எனக்கென்று உலகத்தில் இருந்த ஒரே சொத்து அதுதான். இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் நான் செய்தது எல்லாமே இயல்பாகத் தோன்றும்.

சென்ற வருடக் கடைசியில் எங்கள் துணி வெட்டும் மாஸ்டர் இறந்துபோனார். தங்கமான மனிதர். அவருடைய வரியில் ‘இறப்பு’ என்று போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. மனசு கேட்கவில்லை. அந்தப் பெயரை மட்டும் அழித்தேன். “கீழே உள்ள கட்டங்களை மேலே நகர்த்தவா?” என்று கம்ப்யூட்டர் கேட்டது. துக்கத்தில் இருப்பவனிடம் எதைக் கேட்டாலும் தலையாட்டத்தானே செய்வான்? ‘சரி’ என்று அழுத்திவிட்டேன்.

அவருக்குக் கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு கட்டம் மேலே ஏறின. வேலையும் சம்பளமும் மற்ற விவரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசி வரியில் பெயரே இல்லை. ‘பெயர் காலியாக இருக்கக் கூடாது’ என்று சிவப்பில் வந்தது. கெடு முடிய இன்னும் சில நிமிடங்கள். யோசிக்க நேரமில்லை. அந்த நேரம் பார்த்து ஆபீஸ் பூனை என் மேசையில் ஏறிக் கொட்டாவி விட்டது. அதை நாங்கள் மீசை என்று கூப்பிடுவோம். அந்தப் பெயரை அடித்தேன். போர்ட்டல் பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அந்தப் பெயருக்கு வால் இருக்கிறதா என்று பார்க்காது. பச்சை டிக் வந்தது.

மறுநாள் காபி குடித்துக்கொண்டே, அனுப்பிய கோப்பை ஆசையாகத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தையல்கார அக்கா டிரைவர் ஆகியிருந்தார். வாட்ச்மேன் தையல்காரர். மேனேஜர் வாட்ச்மேன். முதலாளி மேனேஜர். மீசை முதலாளி. மாஸ்டருக்கு மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வரி மேலே இருந்தது.

இப்போது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. கோப்பைத் திருத்தலாம், அல்லது மனிதர்களைத் திருத்தலாம். கோப்பைத் திருத்தினால் முக்கோணம் வரும். மனிதர்களைத் திருத்தினால் எதுவும் வராது. நான் வன்முறையை விரும்பாதவன். ஆகவே முதலில் பேசிப் பார்த்தேன்.

மேனேஜர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். அவரிடம் ஆரம்பித்தேன்.

“சார், சிஸ்டத்துல நீங்க வாட்ச்மேன்னு இருக்கு.”

“என்னய்யா உளறுற?”

“நான் உளறல சார். சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பச்சை டிக்கைப் பார்த்தார்.

“ஏத்துக்கிட்டாங்களா?”

“ஏத்துக்கிட்டாங்க சார்.”

“அப்போ விசில் யார்கிட்ட இருக்கு?” என்றார்.

அவ்வளவுதான் மேடம். உலகத்தில் எதையும் எதிர்த்து நிற்பவர்கள்கூட அந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் நிற்கமாட்டார்கள். வாட்ச்மேன் தையல் மெஷினில் உட்கார்ந்தார். அவர் தைத்த முதல் குடைக்கு இரண்டு கைகள் இருந்தன, அதைச் சட்டை என்று விற்றோம். தையல்கார அக்கா லாரிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “இத்தனை வருஷம் ஊசிக்கண்ணுல நூல் கோத்தவளுக்கு இந்தச் சந்துல வண்டி விடுறது பெரிய விஷயமா?” என்று கேட்டுவிட்டு ரிவர்ஸ் எடுத்தார். முதலாளிதான் கொஞ்சம் முரண்டு பிடித்தார். ஆனால் மீசை அவர் நாற்காலியில் சுருண்டு படுத்துவிட்டதைப் பார்த்ததும், “சரி, யாரோ ஒருத்தர் பொறுப்பா இருந்தா போதும்” என்று பக்கத்து அறைக்குப் போனார். யாராவது தேடி வந்தால் வாயில் விரல் வைத்து, “ஐயா தூங்குறாங்க” என்று சொல்லப் பழகிக்கொண்டார். மீசை யாருக்கும் லீவு மறுத்ததில்லை. கம்பெனியில் இவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

ஆக, எல்லா வரியும் உண்மையாகிவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி.

மாஸ்டருக்கு அடுத்த பெயர் எங்கள் டிரைவருடையது. அதாவது, என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. மாஸ்டர் வரியில் போய் உட்கார்ந்தவன் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பக்குவமாகச் சொன்னேன்.

“மாப்ள, சிஸ்டத்துல நீ செத்துட்டே.”

“அப்படியா மாமா? எப்போ?”

“வருஷக் கடைசியில.”

“பின்ன ஏன் எனக்கு இன்னும் பசிக்குது?”

நல்ல பையன், சொன்னபடி கேட்டான். வேலைக்கு வருவதை நிறுத்தி, என் வீட்டுச் சோபாவில் இறந்தவனாக இருக்க ஆரம்பித்தான். இறந்தவர்களுக்கு இவ்வளவு பசிக்கும் என்று எனக்குத் தெரியாது. கிரிக்கெட் பார்த்துக் கத்துவார்கள் என்றும் தெரியாது. மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“உங்க சிஸ்டத்துல தப்புன்னா அதைத் திருத்துங்க. என் தம்பிய ஏன் திருத்துறீங்க?”

“அவனுக்கு என்ன குறை? உக்காந்த இடத்துல சாப்பாடு.”

“அவனுக்குக் கல்யாணம் பண்ண வேண்டாமா? செத்தவனுக்கு எவ பொண்ணு குடுப்பா?”

அவள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறாள் என்பதால் நான் கிரிக்கெட் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். அப்படியே இருந்திருந்தால்கூடக் காலம் ஓடியிருக்கும். இவன் என்ன செய்தான் தெரியுமா? சும்மா இருக்கப் பிடிக்காமல் போய் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டான். புகைப்படத்தில் பல் தெரியச் சிரிப்பு வேறு. அரசாங்கத்தின் ஒரு கம்ப்யூட்டர் இறந்துவிட்டான் என்கிறது, இன்னொன்று கண்பார்வை நன்றாக இருக்கிறது என்கிறது. இரண்டும் எங்கேயோ சந்தித்துப் பேசியிருக்கின்றன. எனக்கு ஒரு செய்தி வந்தது. ‘இவருடைய நிலையை வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யவும், அல்லது திருத்தவும்.’

திருத்தவும் என்ற சொல்லை மஞ்சள் நிறத்தில் போட்டிருந்தார்கள். ஆகவே உறுதி செய்வது என்று முடிவெடுத்தேன்.

கம்பெனி வாசலுக்கு மேலே ஒரு பெரிய குடை இருக்கிறதல்லவா, விளம்பரத்துக்காக வைத்தது, முழுதாக விரித்தால் ஒரு கார் அதன் கீழே நிற்கலாம். திங்கட்கிழமை காலை ஏணியைச் சாய்த்து ஏறி, அதன் மூன்று போல்ட்டுகளில் இரண்டை முழுசாகக் கழற்றி, மூன்றாவதைத் தளர்த்தி அதில் ஒரு கயிற்றைக் கட்டினேன். வாட்ச்மேன், அதாவது பழைய மேனேஜர், ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். “பார்த்து எறங்குங்க. விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?” என்றார். பொறுப்பான மனிதர். அவரை இதில் சேர்க்க வேண்டாம்.

பிறகு மச்சினனுக்கு போன் செய்து வரச்சொன்னேன். அவனுக்குப் பெண் பார்க்க நல்லதாக ஒரு போட்டோ வேண்டும், கம்பெனி வாசலில் எடுக்கலாம் என்றேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தான்.

“இங்க நிக்கட்டா மாமா?”

“கொஞ்சம் பின்னாடி.”

“இங்க?”

“இன்னும் ஒரு அடி. ஆங். தலையை நிமிர்த்து. சிரி.”

சிரித்தான். கயிற்றை இழுத்தேன்.

இங்கேதான் ஒன்றை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் சரக்கு தரமானது. பெரிய குடை கீழே விழும் வழியிலேயே காற்றைப் பிடித்துக்கொண்டு, பட்டென்று முழுதாக விரிந்து, இறகுபோல ஆடி ஆடி இறங்கியது. இறங்கும்போது அதன் பிடி அவன் காலரில் மாட்டி, அவனைத் தரையோடு தெருமுனைவரை கூட்டிக்கொண்டு போய்விட்டது. தோள்பட்டை எலும்பில் விரிசல், உதட்டில் இரண்டு தையல். அங்கேயும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே, “மாமா, போட்டோ விழுந்துச்சா?” என்று கேட்டானாம். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஆகவே குடை விழுந்தது விபத்து அல்ல. அதை நான்தான் விழவைத்தேன், அவன் மேல் விழவேண்டும் என்றுதான் விழவைத்தேன். இதை முழு நினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன். அவன்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். என் சொந்தத் தம்பியாக இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். மச்சினன் என்பதற்காக ஓரவஞ்சனை செய்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

எழுதிய வரைக்கும் சரிபார்த்துவிட்டேன். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

இன்றைக்குப் புதன்கிழமை. மேடம், ஒரே ஒரு உதவி. என் மனைவி என்னிடம் பேசமாட்டேன் என்கிறாள், மாமனார் போனை எடுப்பதில்லை. நான் அவனைப் போய்ப் பார்த்தே ஆகவேண்டும், அதிக நேரம் எடுக்காது. ஆஸ்பத்திரியில் அவனை எந்த வார்டில் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் இந்தத் தாளின் அடியில் குறித்துக் கொடுக்க முடியுமா?