பீடத்துக்குப் போன அவரைச்செடி

"ஹலோ... அப்பா, கேக்குதா?... ஆமா, ஆமா, ஈவாதான். துறைமுகம் பஸ் ஸ்டாப்புல நிக்கேன், ஒரே லாரிச் சத்தம்... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். ஒண்ணு சொல்லணும். நாளைக்கு எங்க கைடு மேடம் தோட்டத்துக்கு வாராங்க. அந்த அவரைச்செடியப் பாக்க... கெணத்தோரமா நிக்குல்லா, அதுதான்."

ரெண்டு நாளாகவே ஈவாஞ்சலினுக்குக் கால் தரையில் பாவவில்லை. முனைவர் பட்டத்துக்காக ஊர் ஊராய்த் திரட்டிய அவரை ரகங்களை மணப்பாடு பக்கத்து அப்பாவின் தோட்டத்தில் நட்டு, கிணற்று உப்புத்தண்ணீரையே பாய்ச்சி வந்தாள். அத்தனையும் கருகிப்போக, ஒரே ஒரு செடி குலைகுலையாய்க் காய்த்திருந்தது. அதைக் கண்ட அன்று வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"...என்னது?... இன்னைக்கா?... ஆமால்ல, அறுப்புப் பண்டிகை. மறந்தே போச்சு... ம்... ம்... சரி, காய் கொஞ்சம் பறிச்சீங்க... பறிக்கலையா? பெறவு?... வேரோடயா?"

அறுப்புப் பண்டிகையன்று விளைச்சலில் முதலானதை வேதக்கோயில் பீடத்துக்குக் கொண்டுபோவது அப்பா செல்வதுரையின் வீட்டுப் பழக்கம். வாழையும் கரும்பும் வேரோடு நிற்கிற பீடத்தில் மகள் விளைவித்ததும் நிற்கட்டுமே என்று மனுஷனுக்கு ஆசை. அதிலும் சோடையானதை ஆண்டவருக்கு வைக்க அவருக்கு மனசு வராது. தோட்டத்திலேயே நல்ல செடியாய்ப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறார்.

"...சபை ஐயரு எம்பேரச் சொல்லி ஜெபிச்சாங்களா... சரி... சந்தோஷம்பா. செடி இப்ப எங்க?... காணிக்கையோட சேத்து ஏலம் விட்டாச்சா. யாரு எடுத்தா?... டிக்சன் அண்ணாச்சியா. அப்ப அவங்க வீட்டுல போயி... ஓ. சபை விருந்துக்கே குடுத்துட்டாங்களா. காய் கூட்டுல போட்டாச்சு... கொடி ஆட்டுக்கா... ஆமா, ஆமா. ருசியாத்தான் இருந்திருக்கும்."

அவள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போயிற்று. மடக்கி உட்கார்ந்த கால்போல நெஞ்சு மரத்துக் கிடந்தது.

"...கோவம் இல்லப்பா... விதை ஏது? காய் முத்தவே இல்லையே... மத்த செடி நிக்கட்டும், அதுல ஒண்ணும் இல்ல... அப்படி இல்லப்பா. அது காய்ச்சது வம்சத்தாலயா, இல்ல அந்த எடத்துல நல்ல தண்ணி கசிஞ்சதாலயான்னு யாருக்கும் தெரியாது. அதோட பிள்ளையள வேற உப்பு நெலத்துல நட்டு, அதுவும் காய்ச்சாத்தான் பரம்பரைன்னு சொல்லலாம்... இனியா? இனித் தெரியாது... அதே ரகத்துலயா? ஒரே பைக்குள்ள வந்த விதைதான், கூடப் பொறந்தது எல்லாம் கருகிட்டுல்லா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுப்பா... மூணு வருஷ வேலதான். ஆமா."

அப்பா என்னவோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"...என்னப்பா?... அழுவுதீங்களா? அழாதீங்க. தெரிஞ்சா செஞ்சீங்க? எனக்கே அழுகை வரமாட்டேங்கு... மேடத்துக்கிட்டயா? சொல்லுதேன். எப்படின்னுதான் தெரியல... சரி, அடுத்த பஸ் வருது. ஜெபம் பண்ணிட்டு வைங்க."

மகள் கூப்பிட்டால் ஜெபம் பண்ணாமல் போனை வைக்கிறவர் இல்லை செல்வதுரை. ஈவாஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"...அப்பா?... ஆரம்பிங்க... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... வார்த்த வரலையா?... சரிப்பா. பரவாயில்ல. வைங்க."

அவர் வைத்துவிட்டார்.